பசி டீச்சர்

சாப்பிடுவதை ஒருவருக்குக் கற்றுத்தர முடியுமா? பிறந்த அன்றே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் நாம் செய்த காரியம் அது. அதற்கு ஓர் ஆசிரியர் எதற்கு? இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல், அந்த ஆசிரியர் மதியந்தோறும் விளையாட்டு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கிறார். பரிமாறும் இடத்தில் அல்ல. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மிச்சத்தைக் கொட்டும் வாளிக்கு அருகே.

"அங்க நின்னா என்ன போடுறாங்கன்னுதான் தெரியும். இங்க நின்னாத்தான் என்ன உள்ள போச்சுன்னு தெரியும்" என்பது அவர் சொல்லும் காரணம்.

தட்டுகள் வரிசையாக அவரைக் கடந்துதான் வாளிக்குப் போக வேண்டும். மஞ்சள் கருவை மட்டும் ஒதுக்கிவிட்டு வரும் நீச்சல்காரப் பையனிடம், "மஞ்சக்கரு உனக்கு என்னடா துரோகம் பண்ணுச்சு?" என்று கேட்பார். ரொட்டியின் ஓரங்களைக் கிள்ளிக் குவித்திருக்கும் பெண்ணிடம், "ஓரத்த மட்டும் வேற கடையில வாங்குனோமா?" என்பார். காரட் துண்டுகளை ரொட்டிக்கு அடியில் மறைத்துக்கொண்டு நழுவப் பார்க்கிறவனை நிறுத்தி ரொட்டியைத் தூக்கிப் பார்ப்பார். "போர்வை போத்தி விட்டிருக்க. குளிருதாமா அதுக்கு?" குரலில் அதட்டல் இருக்காது. பக்கத்து வீட்டுச் செய்தியை விசாரிப்பது போல இருக்கும். அதனாலேயே அந்தப் பையன் திரும்பிப் போய், நின்றபடியே காரட்டை மென்று விழுங்கிவிட்டு வருவான்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பசி டீச்சர். யாரைப் பார்த்தாலும் மற்றவர்கள் நலம் விசாரிக்கும் இடத்தில் அவர் "பசிக்குதா?" என்றுதான் கேட்பார். தபால்காரரிடமும் அதே கேள்விதான். விடுதியைப் பரிசோதிக்க வரும் அதிகாரியிடமும் அதே. "இல்ல டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் நடையை நிறுத்திவிடுவார். நாடித்துடிப்பு கிடைக்காத கையைப் பிடித்துக்கொண்ட மருத்துவரைப் போல அந்த முகத்தையே பார்ப்பார்.

குள்ளமானவர், கனமானவர். ஆனாலும் நடை வேகம் அதிகம். மூக்குக் கண்ணாடி ஒரு கறுப்புக் கயிற்றில் கழுத்தில் தொங்குகிறது. படிப்பதற்கு அதைப் போடுவதில்லை, பேசும்போது ஆட்டுவதற்குத்தான் அது. இங்கே வருவதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையின் சமையற்கூடத்தில் நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். "அங்க எல்லாரும் படுத்திருப்பாங்க. ஓடிப்போக மாட்டாங்க. இங்க வந்தா எல்லாம் ஓடுற பசங்க, பிடிக்கிறதே பெரும்பாடு" என்று சிரிப்பார்.

பெற்றோர் கூட்டம் ஒன்றில், தன் மகளுக்கு வேகவைத்த காய்கறியைத் தவிர எதையும் கொடுக்கக் கூடாது என்று நம்பும் ஒரு தாய், அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களே இப்படி இருக்கீங்களே மேடம், உங்க பேச்ச எப்படி நம்புறது?" என்று கேட்டார். "பஸ் ஓட்டுறவரு பஸ் மாதிரியா இருக்காரு? ஏறி உக்காருங்க, போற இடத்துக்குப் போய்ச் சேருவீங்க" என்றார் டீச்சர். முதலில் சிரித்தது அந்தத் தாய்தான்.

அவருடைய வகுப்பு சாப்பாட்டுக் கூடத்தின் பின்னால் ஒரு நீள மேசையைச் சுற்றி நடக்கும். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரையான பிள்ளைகள். ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், எறிகிறவர்கள். நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு என்ற சொற்களை அங்கே யாரும் பயன்படுத்தக் கூடாது. 'டயட்' என்று சொல்கிறவர் அன்றைய கரண்டிகளைக் கழுவ வேண்டும். போட்டியன்று புதிதாக எதையாவது சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால், "புதுச் செருப்ப அன்னிக்குத்தான் மொத மொதல்ல போட்டுக்கிட்டு ஓடுவியா?" என்பார். தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "பாத்ரூமுல குனிஞ்சு பாரு. மஞ்சளா இருந்தா போய்க் குடி, வெளுப்பா இருந்தா போய் விளையாடு." பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நெளிவார்கள். ஆனால் மறக்க மாட்டார்கள்.

போட்டி தொடங்குவதற்கு முன்னால் வாந்தியெடுக்கும் ஒரு நீச்சல்காரச் சிறுமி இருந்தாள். அவளுக்கு அவர் சொன்ன யோசனை இது: "பயம் வயித்துல உக்காந்திருக்கறப்ப சாப்பாட்ட உள்ள அனுப்புனா ரெண்டும் அடிச்சுக்கும். பயம் தூங்கி எந்திரிக்கறதுக்கு முன்னாடி நீ எந்திரிச்சு சாப்பிட்டு முடிச்சுடு." விடியற்காலையில் எழுந்து அவளோடு தானும் உட்கார்ந்து அரை வாழைப்பழம் சாப்பிட்டார். இந்த விளக்கத்தில் அறிவியல் எவ்வளவு என்று விடுதிக் கணக்கு எழுதும் எனக்குத் தெரியாது. சிறுமி அதற்குப் பிறகு வாந்தியெடுக்கவில்லை.

சம்மட்டி எறிகிற பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் அவனை புல்டோசர் என்பார்கள், அவனும் அதை விருதாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் அவனுடைய அலமாரியில், தசை முறுக்கிய ஓர் ஆளின் படம் போட்ட புரதப்பொடி டப்பா அகப்பட்டது. டீச்சர் அதைப் பிடுங்கவில்லை. வகுப்பில் மேசை நடுவே வைத்தார். பக்கத்தில் ஒரு குவளைப் பாலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வைத்தார். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டிவிட்டுப் படத்தைத் தட்டினார். "இந்த ஆளு இதக் குடிச்சுத்தான் இப்படி ஆனாருன்னு உனக்கு யாருடா சொன்னா? பாவம், அவரு போட்டோ எடுக்க வந்தவரு." இப்போது அந்த டப்பாவில் துணி துவைக்கும் பவுடர் இருக்கிறது.

குறைகள் இல்லாதவர் அல்ல. அடுத்தவர் பேச்சை முடிக்க விடமாட்டார். கேட்காமலே பிறர் தட்டிலிருந்து எடுத்து ருசி பார்ப்பார். அவருடைய ஒரே மகன் பதினாறு வயதில் எந்த விளையாட்டும் ஆடாமல் படக்கதைப் புத்தகமும் பிஸ்கட்டுமாக வாழ்கிறான். கேட்டால், "ஊருக்குத்தான் நான் டீச்சர். அவனுக்கு அம்மா. அம்மா சொன்னத எவன் கேட்டிருக்கான்?" என்று கையை விரித்துவிடுவார்.

கணவர் அதே விடுதியில் ஓட்டப் பயிற்சியாளர். மெலிந்த, உயரமான, அதிகம் பேசாத மனிதர். கழுத்தில் விசிலும் நிறுத்துக் கடிகாரமும் எப்போதும் தொங்கும். குடியிருப்பு மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. வீட்டில் அவரை டீச்சர் "ஏங்க" என்று அழைப்பார், மைதானத்தில் "சார்" என்பார். கோபம் வந்துவிட்டால் வீட்டிலும் "சார்"தான். "ரெண்டு தடவ சார் வந்துச்சுன்னா நான் வெளிய போய் ரெண்டு சுத்து நடந்துட்டு வந்துடுவேன்" என்று பயிற்சியாளர் ஒருமுறை சொன்னார். மற்றபடி அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம்தான் அதிகம்.

பிள்ளைகளிடம் டீச்சர் கண்டுபிடித்திருந்த வழி கணக்கு. "திட்டுனா பயந்துக்குவாங்க. கெஞ்சுனா தலையில ஏறிக்குவாங்க. கணக்குன்னா நம்புவாங்க. கணக்குக்கு வேண்டியவன் வேண்டாதவன் கெடையாது" என்பார். மருத்துவமனையில் அவர் கற்றுக்கொண்டது அது. அங்கே சரியான எண் ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தியதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். எண்களின் நடுநிலையை நானும் நெடுங்காலம் நம்பியவன்தான். எண்ணுக்குச் சார்பில்லை என்பது உண்மை. ஆனால் எண்ணைக் கையில் எடுக்கிறவருக்கு எப்போதும் ஏதாவது வேண்டியிருக்கிறது.

அந்த நம்பிக்கையில் ஒரு விடுமுறை முழுக்க ஏணியில் ஏறி நின்று, சாப்பாட்டுக் கூடத்தின் நீளச் சுவரில் டீச்சரே ஒரு படம் வரைந்தார். முட்டை, பால், ரொட்டி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, வாழைப்பழம் என்று கூடத்தில் பரிமாறப்படும் எல்லாம், வரிசை வரிசையாக, நிறமும் உருண்டையுமாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது உடம்புக்குக் கொடுக்கும் சக்தியின் அளவு சிவப்பு எழுத்தில் இருந்தது. வந்தவர்களெல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டு வாரியத்தில் யாரோ அதைப் பார்த்துவிட்டு, எல்லா விடுதிச் சுவர்களிலும் இதையே வரைய வேண்டும் என்று சொன்னார்களாம். இத்தனை வருடத்தில் வெளியிலிருந்து அவருக்கு வந்த முதல் பாராட்டு அது. டீச்சர் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் அந்த வாரம் பால் காய்ச்சும்போது பாடிக்கொண்டிருந்தார் என்று சமையல்காரர் சொன்னார்.

அவருடைய வகுப்பில் முதல் மாணவி குருவி. நீண்ட தூரம் ஓடுகிற பதினேழு வயதுப் பெண். அந்தப் பெயரை வைத்தது பயிற்சியாளர். "தரையில கால் படுதா இல்லையான்னே தெரியல, குருவி மாதிரி போகுது" என்று அவர் சொன்னதிலிருந்து அப்படி ஆயிற்று. அப்பா இல்லை. அம்மா ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்கிறார். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் குருவி விடை சொல்வாள். சுவரில் உள்ள எண் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். மற்ற பிள்ளைகள் சுவரைத் திரும்பிப் பார்க்கச் சோம்பல்பட்டு அவளைக் கேட்பார்கள். வாளிக்கு வரும் அவளுடைய தட்டில் ஒரு பருக்கை இருக்காது. டீச்சர் அந்தத் தட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். "பாருங்க. தட்டுன்னா இது தட்டு."

விடுமுறைக்குப் பிறகு குருவியின் ஓட்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு வாரமும் நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் தனக்குள் சிரித்துக்கொண்டார். தலைநகரப் பயிற்சிக் கழகத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் இடம் கிடைத்தால் தங்க இடம், மேல்படிப்பு, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சலவை நிலையத்து அம்மாவுக்கு அதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது. எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். வெயிலடிக்கும் மதியத்திலும் குருவி கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்ததை டீச்சர் பார்த்தார். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்றதும் விட்டுவிட்டார்.

விஷயம் வெளிப்பட்டது புல்டோசரால். அவனுடைய எடை ஏறிக்கொண்டே போனது. எறியும் வட்டத்துக்குள் சுழலும்போது தடுமாற ஆரம்பித்தான். டீச்சர் அவனை நீள மேசைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நான் போடுறதுக்கு நீ இப்படி ஏற மாட்டியேடா."

"நீங்க போடுறத மட்டும் சாப்பிட்டா ஏற மாட்டேன் டீச்சர்."

"அப்புறம் வேற எவன் போடுறான்?"

"குருவியோடதும் நான்தான் சாப்பிடுறேன். உக்காந்ததுமே பாதிக்கு மேல என் தட்டுல தள்ளிடும். வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

வாளிக்குப் பக்கத்தில் நின்றால் எல்லாம் தெரியும் என்று நம்பியவர், அன்று வெகுநேரம் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

குருவி பொய் சொல்லவில்லை. கூப்பிட்டுக் கேட்டதும், காலையில் இவ்வளவு, மதியம் இவ்வளவு, இத்தனை சுற்று ஓடினால் செலவு இவ்வளவு என்று வகுப்பில் ஒப்பிப்பதைப் போலவே ஒப்பித்தாள். "கணக்கு சரியாத்தான டீச்சர் வருது?" கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஓட்டத்தில் எரிவதற்கு அதில் இடம் இருந்தது. வளர்வதற்கும், எலும்புக்கும், இரத்தத்துக்கும், சும்மா படுத்துத் தூங்குவதற்கும் அதில் எதுவும் ஒதுக்கப்படவில்லை. கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பில் வலி இருந்ததை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மாதவிலக்கு நின்று பல மாதம் ஆகியிருந்தது. "தொல்ல விட்டுச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

டீச்சர் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனார். எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடத் தொடங்கியிருந்தது. இப்போது நிறுத்திவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டால் கூடிவிடும். இதோடு ஓடினால் ஒடிந்துவிடும் என்றார் மருத்துவர்.

அன்று அந்த வீட்டில் நடந்ததை எனக்குச் சொன்னவர் பயிற்சியாளர்தான்.

"சார், குருவிய ஓட விடக் கூடாது."

"ஒரே ஒரு ரேஸும்மா. அத முடிச்சுட்டு எத்தன மாசம் வேணாலும் உக்காரட்டும். இத விட்டா அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். அந்தப் புள்ளைக்கு வேற என்ன இருக்கு, சொல்லு."

"ஒரே ஒரு காலு சார்."

"ரெண்டு கால்மா" என்றான் உள்ளே படக்கதை படித்துக்கொண்டிருந்த மகன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்தான்.

பயிற்சியாளர் வெளியே போய் மைதானத்தைச் சுற்றினார். வழக்கமான இரண்டு சுற்று போதவில்லை. திரும்பி வந்து, "அது லேசா ஆக ஆக நான் சந்தோஷப்பட்டுக்கிட்டே இருந்திருக்கேன்" என்றார். மறுநாள் காலை போட்டிக்குப் போகிறவர்களிலிருந்து குருவியை எடுத்துவிட்டார். ஆனால் அவளிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த வேலை டீச்சருக்கு வந்தது.

மைதானத்து வேப்பமர நிழலில் வைத்து டீச்சர் சொன்னார். குருவி அழவில்லை. சரியாக எழுதிய விடைக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்கும் மாணவியைப் போல நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க சொல்லிக் குடுத்ததத்தான டீச்சர் செஞ்சேன்."

டீச்சர், கழுத்தில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருக்கும்போதே பைக்குள் கைவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்.

இரண்டு நாளில் குருவியின் அம்மா வந்தார். சலவை சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வேளாவேளைக்கு சாப்பாடு போடுற இடம்னுதானம்மா கொண்டு வந்து விட்டேன்."

"ஆமாம்மா."

"நல்லா ஓடுன புள்ள. அதுக்குப் பசி கம்மின்னா நீங்களோ நானோ என்ன பண்ண முடியும்? அதுக்காக ஓடக் கூடாதுன்னுடுறதா?"

"பசி கம்மி இல்லம்மா. நல்லாப் பசிச்சிருக்கு. அத ஜெயிக்கணும்னு நெனச்சுடுச்சு. ஜெயிக்கிற புள்ளதான, அதுலயும் ஜெயிச்சுடுச்சு."

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். டீச்சர் உள்ளே போய் ரொட்டியும் பாலும் எடுத்துவந்து வைத்தார். நியாயம், சமாதானம் எதுவும் பேசவில்லை. அம்மா பாலைக் குடித்துவிட்டு, "போன வருஷம் அந்தக் கம்பளிச் சட்ட அவளுக்கு இறுக்கமா இருந்துச்சு. இப்ப தொளதொளன்னு இருக்கு. அவ துணியெல்லாம் எங்கிட்டதான வருது, நான்தான தொவைக்கிறேன், எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க" என்றார்.

குருவி இப்போது நடக்கிறாள். ஓட இன்னும் அனுமதி வரவில்லை. புல்டோசரை அவளிடமிருந்து மூன்று மேசை தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் அதற்காக வருத்தப்பட்டு, பிறகு சமாதானமாகி, இப்போது வட்டத்துக்குள் தடுமாறாமல் சுழல்கிறான். குருவியின் தட்டு சில நாள் முழுதும் காலியாகிறது, சில நாள் ஆவதில்லை. "பெரியவங்க பிரிவுல ஓட வயசெல்லாம் தாண்டாது. அதுக்கு எலும்பு இருந்தாப் போதும்" என்று பயிற்சியாளர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை முதலில் தனக்குத்தான் சொல்லிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் "ஏங்க" திரும்பி வந்துவிட்டது.

சுவர் விஷயம்தான் யாருக்கும் புரியவில்லை. அம்மா வந்துபோன மறுநாள் டீச்சர் அந்தச் சுவரிலிருந்த எண்களை வெள்ளை பூசி மறைத்துவிட்டார். படங்களைத் தொடவில்லை, எண்களை மட்டும். வாரியத்திலிருந்து ஆட்கள் வந்து அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போக ஒரு வாரம்கூட இல்லை. ஏன் என்று விடுதிக் காப்பாளர் கேட்டதற்கு, சுவரில் ஈரம் ஏறுகிறது என்றார். சமையல்காரரிடம், பெயின்ட் மிச்சம் இருந்தது என்றார். வாரியத்து அதிகாரி வந்து சுவரை வெகுநேரம் பார்த்தார். முட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சதுரம், பழத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சதுரம். மேல் வரிசைகளில் சதுரங்கள் நேர்த்தியாக இருந்தன, கீழ் வரிசையில் மட்டும் கோணல்மாணலாக இருந்தன. "நம்பர் இல்லன்னா இது காய்கறிக் கட போர்டு மாதிரி இருக்கே மேடம்" என்றார் அதிகாரி. "என் கையெழுத்து சரியில்ல சார். உங்களுக்குப் பசிக்குதா?" என்றார் டீச்சர். அந்தப் படம் வேறு எந்தச் சுவருக்கும் போகவில்லை. நானும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். எனக்கும் ரொட்டிதான் கிடைத்தது.

ஆனால் அவர் வெள்ளை பூசிய மதியம் நான் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டிருந்தார்கள். டீச்சர் ஏணியின் மேல்படியில் நின்றார். பயிற்சியாளர் வந்தார், சுவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் கேட்காமல் ஏணியின் இரு காலையும் பிடித்துக்கொண்டார். கனமான மனைவியின் கீழே ஏணி முனகியது. "ஆட்டாதீங்க." "நான் ஆட்டல. நீ ஆடுற."

குருவி தாமதமாக வந்தாள். காலில் கட்டு, கையில் தட்டு. சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தச் செய்திக்குப் பிறகு அவள் டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தட்டைத் தொடாமல், சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழிச்சாப் போயிடுமா டீச்சர்? எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."

"தெரியும்."

"முட்டைக்கு எழுபது."

"ம்."

"பழத்துக்கு நூறு."

"ம்." தூரிகை நிற்கவில்லை. குருவி சொல்லிக்கொண்டே போனாள், டீச்சர் பூசிக்கொண்டே வந்தார். வேர்க்கடலைக்கு வந்தபோது குருவி ஒரே எண்ணை இரண்டு தடவை சொன்னாள். பயிற்சியாளர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

கீழ் வரிசை மட்டும் மிச்சம் இருந்தது. ரொட்டி, உருளைக்கிழங்கு, பால். பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒருவர் கையை நீட்டினால் எட்டும் உயரம். டீச்சர் இறங்கி வந்தார். குனியவில்லை. பெயின்ட் டப்பாவை ஒருமுறை கலக்கிவிட்டு, காலால் மெதுவாக நகர்த்திப் பெஞ்சுக்கு அருகே கொண்டுபோனார். தூரிகையை அதன் வாய்க்குக் குறுக்கே வைத்தார். கணவரிடம் ஏணியை எடுக்கும்படி தலையசைத்தார். பிறகு, அடுப்பில் எதுவும் இல்லை என்று தெரிந்தும், "பால் பொங்கிடப் போவுது" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டார்.

தூரிகையின் கைப்பிடி அந்தப் பெண்ணின் பக்கம் இருந்தது.